நீலக் கிரீமும் பெரியவளின் கைகளும்

பெரியவளுக்கு வாய் குட்டை, கை நீளம் என்று அவள் தங்கை எல்லாரிடமும் சொல்வாள். கேட்டவர்கள் ஒரு நொடி திருதிருவென்று விழிப்பார்கள். “ஐயோ, அந்த அர்த்தத்துல இல்லீங்க. பேச்சு கம்மி, வேலை ஜாஸ்தின்னு சொல்ல வந்தேன்” என்று தங்கையே சிரித்துத் திருத்துவாள். பெரியவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அந்தச் சிரிப்பில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அக்கம்பக்கத்தில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள், அவ்வளவுதான். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து இருவரும் கிரீம் தயாரித்தார்கள். முன்னறை சின்னவளுடையது. போன் பேசுவது, கடைக்காரர்களைப் பிடிப்பது, டப்பாவில் அடைத்து லேபிள் ஒட்டும் பெண்களை மேய்ப்பது எல்லாம் அங்கே. பின்னறை பெரியவளுடையது. அங்கே அடுப்பு, எவர்சில்வர் பாத்திரங்கள், தராசு, வெப்பமானி, எண்ணெய்ப் புட்டிகள் வைத்த சின்ன பிரிட்ஜ். இரண்டு அறைக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு ஒன்று இருந்தது. அக்காவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சின்னவள் கண்ணாடியைத் தட்டுவாள். பெரியவள் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அவளிடம் ஒரே ஆட்டம்தான் என்பது சின்னவளின் நெடுநாள் புகார்.

இந்தத் தொழில் தொடங்கியது சின்னவளின் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது. குழந்தையின் கன்னங்கள் எப்போதும் சிவந்து, சொரசொரவென்று இருந்தன. சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். கைகளில் காலுறை மாட்டி வைத்திருந்தார்கள். பெரியவள் அப்போது ஒரு சோப்புத் தொழிற்சாலையில் கலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே வாசனை எண்ணெய்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணிதான் அவளுக்கு முதன்முதலாகக் கெமோமைல் எண்ணெயைக் காட்டினாள். சீமைச் சாமந்தி என்று சொல்கிற சின்னஞ்சிறு வெள்ளைப் பூவை ஆவியில் வடித்து எடுப்பது. பூ வெள்ளை, எண்ணெயோ மைப்புட்டி நீலம். ஆவியின் சூட்டில்தான் அந்த நிறம் வருகிறதாம். பெரியவளுக்கு அது பிடித்துப்போயிற்று. காய்ந்த புல்லும் ஆப்பிளும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. மூக்கில் ஏறினால் இறங்காது.

“மையைக் கொண்டுவந்து குழந்தை மூஞ்சில தேய்க்கப் போறியா?” என்று அன்று சின்னவள் அலறினாள். பெரியவள் வெண்ணெய் போலிருந்த வெள்ளைக் களிம்பில் ஒரே ஒரு சொட்டு விட்டுக் குழைத்தாள். களிம்பு விடியற்கால வானத்தின் நிறத்துக்கு வந்தது. முதலில் குழந்தையின் முழங்கையில் தடவிப் பார்த்தாள். மறுநாள் கன்னத்தில். அந்த வாரம் குழந்தை சொறியாமல் தூங்கியது. அந்தக் களிம்பால்தான் சரியானதோ, பருவம் மாறியதால் சரியானதோ, யார் கண்டது? சின்னவள் மட்டும் அக்காவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சோப்புத் தொழிற்சாலை மூடியபோது, மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்த சின்னவள் தன் வேலையையும் விட்டுவிட்டு வந்து, “நீ செய், நான் வித்துக் காட்டறேன்” என்றாள். சொன்னபடி விற்றும் காட்டினாள். ‘மென்மையான சருமத்தின் தோழி’ என்று லேபிளில் எழுதியவள் அவள்தான். வாங்குகிறவர்கள் அதை நீலக் கிரீம் என்றே கேட்டார்கள்.

இப்படியே வருடங்கள் ஓடின. எண்ணெயில் கரைவதை ஒரு பாத்திரத்திலும் தண்ணீரில் கரைவதை இன்னொன்றிலும் சூடாக்கி, ஒன்றை ஒன்றில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கடைந்தால் பால் போலத் திரண்டு வரும். அது ஆறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் நீல எண்ணெயைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். அந்தச் சூட்டைப் பார்க்கப் பெரியவளுக்கு வெப்பமானி தேவைப்படவில்லை. பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைப்பாள். பிறகு நீலப் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். நல்ல எண்ணெய் நீலமாக இருக்கும், பழசானால் பச்சையாகி அப்புறம் பழுப்பாகும். பழுப்பானதை அவள் தொடமாட்டாள். சின்னவள் எத்தனை சாக்கு சொன்னாலும் கீழே கொட்டிவிடுவாள். வேலை முடிந்தால் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய கிரீமை விரலால் வழித்துத் தன் கைகளிலேயே பூசிக்கொள்வாள். வீணாக்க மனம் வராது.

முதலில் விரல் இடுக்குகளில்தான் அரித்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்று நினைத்தாள். சோப்பை மாற்றினாள். கத்தரிக்காயை நிறுத்தினாள். தண்ணீரைக் குறை சொன்னாள். அரிப்பு புறங்கைக்கு ஏறி, தோல் தடித்து, வெடித்து, நீர் கோத்தது. கைவசம் மருந்து இல்லாதவளா அவள்? தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீலக் கிரீமை அப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். எரிந்தது. மருந்து என்றால் எரியத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்தாள். நாளுக்கு நாள் மோசமானது. அப்புறம் ஒரு காலை எழுந்தபோது கண்ணிமைகள் இரண்டும் வீங்கி, உலகம் ஒரு கீற்றாகத் தெரிந்தது.

அவளுடைய கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். அவரும் அதிகம் பேசாதவர். இருவரும் சேர்ந்து இருந்தால் வீட்டில் மின்விசிறி மட்டும்தான் பேசும் என்பாள் சின்னவள். அன்று அவர் காபியை ஆற்றியபடி மெதுவாகச் சொன்னார்.

“நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்க.”

“ஞாயித்துக்கிழமை உனக்கு அரிப்பு கம்மியா இருக்கு. திங்கக்கிழமை உள்ள போயிட்டு வந்தா கூடுது. போன மாசம் ஊருக்குப் போயிருந்தோமே, அப்ப கை சுத்தமா ஆறிடுச்சு. உனக்கு அந்தக் கிரீமே…”

அவர் முடிப்பதற்குள் பெரியவள் டம்ளரை நங்கென்று வைத்தாள். “பச்சைக் குழந்தைக்குப் போட்டது அது. என் கையால செஞ்சது எனக்கே ஆகாதா? வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க.”

அன்று அவர் வேனைத் தொழிற்கூடத்துப் பக்கம் திருப்பாமல் நேராகத் தோல் டாக்டரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

டாக்டர் அம்மா பொறுமைசாலி. கிரீமில் போடும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சின்ன டப்பாக்களில் கொண்டுவரச் சொன்னார். அவற்றைப் பக்குவமாக நீர்க்கச் செய்து, சின்னச் சின்னச் சதுரங்களில் வைத்து முதுகில் வரிசையாக ஒட்டினார். இரண்டு நாள் குளிக்காமல் இருந்துவிட்டுப் போனபோது, அவற்றை உரித்துப் பார்த்தார்கள். மற்ற சதுரங்கள் இருந்த இடமெல்லாம் வெறும் தோல். ஓர் இடத்தில் மட்டும் சதுரம் அப்படியே சிவந்து, பொடிக் கொப்புளங்களோடு மேடிட்டிருந்தது. டாக்டர் அதைக் கைபேசியில் படம் எடுத்து அவளிடம் காட்டினார். எந்தச் சதுரம் என்று பெரியவள் கேட்கவில்லை. அதற்குத்தானே அவள் பயந்துகொண்டிருந்தாள்.

“கெமோமைல் எண்ணெய்” என்றார் டாக்டர். “முக்கால்வாசிப் பேருக்கு இது ஒண்ணும் பண்ணாதும்மா. சில பேருக்குச் சாமந்தி இனத்துப் பூ எதுவுமே ஆகாது. இன்னும் சில பேருக்கு உங்களுக்கு வந்த மாதிரி. வருஷக்கணக்கா தொட்டுத் தொட்டு, ஒரு நாள் உடம்பு ‘போதும்’னு சொல்லிடும்.”

“எவ்வளவு நாள் தள்ளி இருக்கணும் டாக்டர்?”

“நாள் கணக்கு இல்லம்மா. இனிமே எப்பவுமே.”

“கையுறை போட்டுக்கிட்டா?”

“மெல்லிசு ரப்பர்ல எண்ணெய் ஊறி உள்ள வந்துடும். அதோட ஆவி கண் இமைல படும். ஒவ்வொரு தடவை தொடும்போதும் உங்க உடம்பு இன்னும் முரண்டு பிடிக்கும்.”

வேனில் திரும்பி வரும் வழியெல்லாம் பெரியவள் கைகளை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல. கணவர் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லவில்லை. அதற்காக அவள் மனசுக்குள் அவருக்கு நன்றி சொன்னாள்.

தங்கையிடம் சொன்னபோது சின்னவள் முதலில் சிரித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் முன்னறைக் கதவைச் சாத்தினாள்.

“பாக்கிங் பொண்ணுங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“மாமா யார்கிட்டயாவது சொல்வாரா?”

“அவர் யார்கிட்ட என்னிக்குப் பேசியிருக்காரு?”

சின்னவள் நகத்தைக் கடித்தாள். அந்த வாரம்தான் ஒரு பெரிய கடைத்தொடரின் கொள்முதல் அதிகாரி நேரில் பார்க்க வருவதாக இருந்தது. பல ஊர்களில் கடைகள் வைத்திருப்பவர்கள். அந்த அம்மாள் சம்மதித்தால் நீலக் கிரீம் எல்லாக் கடை அலமாரிகளிலும் ஏறிவிடும். அந்தச் சந்திப்புக்காகச் சின்னவள் மாதக்கணக்கில் போனில் தொங்கியிருந்தாள்.

“அக்கா, அவங்க வந்து செய்முறையைப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. செய்யறவங்களோட பேசணுமாம். நீ அன்னிக்கு ஒரு நாள் மட்டும் சமாளிச்சுடு. கையுறை போட்டுக்கோ, முகமூடி போட்டுக்கோ. சுத்தத்துக்காகப் போடறோம்னு நினைச்சுப்பாங்க. நல்லதாத்தான் போகும். அதுக்கப்புறம் நீ அந்த எண்ணெய்ப் பக்கமே போகவேண்டாம். நான் கத்துக்கறேன். என்மேல சத்தியமா.”

“கேட்டா?”

“எதைக் கேப்பாங்க? ‘உங்களுக்கு அரிக்குதா’ன்னா கேப்பாங்க? மென்மையான சருமத்துக்குன்னு எழுதி வெச்சிருக்கோம். செய்யறவ கையே இப்படி இருக்குன்னு தெரிஞ்சா கதை முடிஞ்சுது.”

பெரியவள் கண்ணாடித் தடுப்பு வழியாகத் தன் அறையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் தங்கையின் கீழ் உதடு சின்ன வயசில் துடிப்பது போலவே துடித்தது. தலையை ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று சின்னவள் இந்த முறை கேட்கவில்லை.

அதிகாரி அம்மாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பருத்திப் புடவை, தட்டையான செருப்பு, சிரிக்காத கண்கள். பாத்திரங்களின் அடியைத் திருப்பிப் பார்த்தார். பிரிட்ஜைத் திறந்து புட்டிகளின் தேதிகளைப் பார்த்தார். சின்னவள் வழக்கத்தைவிட வேகமாகப் பேசினாள். பெரியவள் முழங்கை வரை கையுறை, மூக்கு மூடிய முகமூடி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு கடைந்துகொண்டிருந்தாள். உள்ளே வெடித்த விரல்கள் வியர்வையில் ஊறி எரிந்தன.

களிம்பு திரண்டு ஆறியது. புறங்கையை வைத்துச் சூடு பார்க்க முடியவில்லை. வெப்பமானியை எடுத்தாள். சின்னவள் அதைக் கவனித்ததைக் கவனித்தாள். நீலப் புட்டியைத் திறக்கும்போது முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி அளந்து விட்டாள். கிரீமில் நீலம் நூலாக இறங்கி, சுழன்று, கலந்தது.

“அழகா இருக்கு” என்றார் அதிகாரி. அவர் கண்ணில் முதல் தடவையாக ஒரு மலர்ச்சி. “இதைப் படம் எடுக்கணும். எங்க விளம்பரத்துக்கு இந்த மாதிரிதான் தேடிட்டிருக்கோம். நடிகை, மாடல் யாரும் வேண்டாம். செய்யற கையே பூசிக்கற மாதிரி. அம்மா, கையுறையைக் கழட்டிட்டு, இதுல கொஞ்சம் எடுத்து உங்க கையில தடவிக் காட்டுங்களேன்.”

கைபேசியை உயர்த்திப் பிடித்தார்.

“அக்காவுக்குக் கூச்சம் ஜாஸ்தி மேடம்” என்று சின்னவள் குறுக்கே வந்தாள். “என் கையில போட்டுக் காட்டறேன். என் கைதான் பாக்க நல்லா இருக்கும்.”

“உங்க கை விக்கற கை. எனக்குச் செய்யற கை வேணும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கைபேசியை இறக்கவில்லை.

“கை பூரா பிசுக்கு…” என்று பெரியவள் முனகினாள்.

“கழுவிட்டு வாங்க. நான் காத்திருக்கேன்.”

அறையில் கடைகோல் இயந்திரத்தின் உறுமல் நின்று போயிருந்தது. பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. இனி வழியில்லை என்று பெரியவளுக்குத் தோன்றியது. வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றால், கிரீமைத் தடிமனாகப் பூசினால், ஒருவேளை படத்தில் வெடிப்பு தெரியாமல் போகலாம். நாளைக்கு இமை வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். மூடட்டும், அது நாளைக்குத்தானே. வலது கையுறையின் விளிம்பில் விரலை நுழைத்து உரிக்க ஆரம்பித்தாள். ரப்பர் புண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவளையறியாமல் ‘ஸ்ஸ்’ என்று மூச்சு வந்தது.

சின்னவள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேண்டாம் அக்கா.”

“விடுடி.”

“வேண்டாங்கறேன்ல!” குரல் உடைந்தது. அதிகாரியின் பக்கம் திரும்பினாள். மாதக்கணக்காகப் பேசிப் பேசிச் சேர்த்ததை அவளே போட்டு உடைத்தாள். “இவளுக்கு இது ஆகாது மேடம். இந்த எண்ணெயை இவ தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான்தான் இன்னிக்கு ஒரு நாள்னு கெஞ்சிக் கூத்தாடித் தொட வெச்சேன். அவ மேல தப்பு இல்ல.”

கைபேசி கீழே இறங்கியது. பாதி உரிந்த கையுறைக்கு வெளியே தெரிந்த சிவந்த புறங்கையை அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. அதைவிடப் பயமுறுத்தும் ஒரு கேள்வியை அமைதியாகக் கேட்டார்.

“வாங்கினவங்கள்ல யாருக்காவது இப்படி வந்திருக்கா?”

“இல்லீங்க” என்றாள் பெரியவள், உடனே, உறுதியாக. “ஒருத்தருக்கும் இல்ல. எனக்கு மட்டும்தான்.”

சின்னவள் பேசவில்லை.

ஓயாத வாய் அது. அந்த வாய் மூடியிருப்பதைக் கேட்டுத்தான் பெரியவள் திரும்பிப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுடி. யாருக்கும் இல்லன்னு சொல்லு.”

“ரெண்டு மூணு பேர் போன் பண்ணாங்க” என்றாள் சின்னவள், தரையிடம். “அரிக்குதுன்னு. முகம் செவந்துடுச்சுன்னு. ஆயிரம் பேர்ல ரெண்டு பேர் அப்படித்தான் சொல்வாங்கன்னு நினைச்சேன். கொஞ்சமா போடுங்க, பழகிடும்னு சொன்னேன்.”

பழகிடும். தன் கை எரியும்போது பல்லைக் கடித்துக்கொண்டு மேலே மேலே பூசியது பெரியவளுக்கு நினைவுக்கு வந்தது. யாரோ ஒருத்தி எங்கோ அதே மாதிரி முகத்தில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவர்கள் பேச்சை நம்பி.

அதிகாரி அம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “இது அலர்ஜி, இதுக்கு மருந்தும் இருக்கு. லேபிள்ல ஒரு வரி எழுதியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். எத்தனையோ பொருள்ல எழுதறாங்க. ஆனா நீங்க மறைச்சீங்க. மறைக்கறவங்களோட சரக்கை நான் எங்க கடையில வைக்க முடியாது.” வாசல் வரை போய்த் திரும்பினார். “அம்மா, முதல்ல கையைக் கழுவுங்க.”

அவர் போன பிறகு சின்னவள் அழுதாள். பெரியவள் அழவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, தங்கைக்கு நேர் எதிரே நின்றாள். பிறந்ததிலிருந்து அவ்வளவு நீளமாக அவள் பேசிச் சின்னவள் கேட்டதில்லை.

“என் கை போனா போகட்டும், அது என் கை. அவங்க முகம் யாருடையது? உன் பொண்ணு கையில காலுறை மாட்டிவிட்டு நீ அழுதியே, மறந்துட்டியா? அன்னிக்கு எவளாவது உன்கிட்ட ‘பழகிடும்’னு சொல்லியிருந்தா அவளைச் சும்மா விட்டிருப்பியா? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. ஒரு வார்த்தை. நான் ஊமைன்னுதானே எல்லாத்தையும் என்கிட்டேருந்து மறைச்சே?”

“நீ தாங்கமாட்டேன்னு நினைச்சேன் அக்கா.”

“இப்ப தாங்கறேனே, பாரு.”

அடுப்பை அணைத்தாள். அன்று காய்ச்சியதை அப்படியே மூடி வைத்தாள். போன் செய்தவர்களின் எண்களை எடுக்கச் சொன்னாள். இருவர் அதற்குள் கிரீமை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள், அவர்களில் ஒருத்தி திட்டினாள். மூன்றாமவள் எடுக்கவே இல்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அவள் தையல்காரி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கிறாள் என்று மட்டும் சின்னவளுக்கு ஞாபகம். கணவரின் வேனில் ஏறிக்கொண்டாள் பெரியவள். சின்னவள் கூட வருகிறேன் என்றதற்கு, “நீ வந்தா பேசிடுவே” என்றாள்.

தையல்காரி கதவருகே இயந்திரத்தில் குனிந்திருந்தாள். பெரியவளைப் பார்த்து நிமிர்ந்தாள். கன்னத்திலிருந்து கழுத்து வரை தோல் தடித்து, செதில் செதிலாக இருந்தது. இமைகள் கனத்திருந்தன. மேஜையில், நூல்கண்டுகளுக்கு நடுவில், நீலக் கிரீம் டப்பா.

“இன்னமும் பூசறீங்களா?” வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டுவிட்டாள்.

“ஆமா. பழகிடும்னு சொன்னாங்க. நீங்க யாரு?”

“செஞ்சவ.”

தையல்காரியின் கை கத்தரிக்கோலின் மேல் நின்றது. வெட்டமாட்டாள் என்று தெரியும், ஆனாலும் வாசலில் வேனில் இருந்த கணவர் ஒரு காலைக் கீழே வைத்தார். “செஞ்சவங்களா? இதோ பாருங்க, என் மூஞ்சியை நல்லா பாருங்க. அளவெடுக்க வர்றவங்க துணியை வாங்கிக்கிட்டு ஓடறாங்க, ஒட்டிக்குமோன்னு. மெல்லிசான தோலுக்குன்னு எழுதியிருந்துச்சு, நம்பி வாங்கினேன்.”

பெரியவள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டாள். கைகளை நீட்டி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

தையல்காரி அவற்றைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் கிடந்த துணிமூட்டையைத் தள்ளிவிட்டு, “உட்காருங்க” என்றாள்.

அன்றே பெரியவள் அவளை அதே டாக்டரிடம் அழைத்துப் போனாள். களிம்பும் மாத்திரையும் கொடுத்தார்கள். முகம் ஆற வாரங்கள் பிடித்தன. நிறம் சில இடங்களில் கருத்தே நின்றது. தையல்காரி மன்னித்துவிட்டதாக ஒருபோதும் சொல்லவில்லை. பெரியவளும் கேட்கவில்லை. ஆனால் மருந்து தீரும் ஒவ்வொரு முறையும் வேன் அந்தக் கடை வாசலில் நின்றது.

அக்கா தங்கைக்குள் பேச்சு வார்த்தை பல நாள் தொழிலைப் பற்றி மட்டும் நடந்தது. கடைகளில் இருந்த டப்பாக்களை எல்லாம் திரும்ப வரவழைத்தார்கள். பாக்கிங் பெண்கள் ஒவ்வொன்றிலும் புது லேபிள் ஒட்டினார்கள். மென்மையான சருமத்தின் தோழி போயிற்று. ‘இதில் கெமோமைல் எண்ணெய் இருக்கிறது. சாமந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைப் பூச வேண்டாம். மற்றவர்களும் முதலில் முழங்கையின் உட்பக்கம் சில நாள் பூசிப் பார்க்கவும். அரித்தால் உடனே நிறுத்தி எங்களைக் கூப்பிடவும்’ என்று வந்தது. வாசகம் பெரியவளுடையது. “இப்படி எழுதினா எவன் வாங்குவான்?” என்று கேட்கச் சின்னவள் வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். பாதிப் பேர் வாங்கத்தான் இல்லை. மீதிப் பேர் வாங்கினார்கள். பெரிய கடைத்தொடர் திரும்பி வரவே இல்லை. எண்ணெயே சேர்க்காத வெள்ளைக் கிரீம் ஒன்றும் தொடங்கினார்கள். அது மெதுவாகத்தான் போகிறது, ஆனாலும் போகிறது.

இப்போது பின்னறைக்குள் சின்னவள்தான். முதல் தடவை அவள் கடைந்த கிரீம் மோர் போலத் திரிந்து, எண்ணெய் தனியாகத் தண்ணீர் தனியாக நின்றது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பெரியவள், “மெதுவா ஊத்துடி! தாரையா! ஏன் வாளியைக் கவுக்கற மாதிரி கவுக்கறே?” என்று கத்துவாள். உள்ளே அரையும் குறையுமாகத்தான் கேட்கும். சின்னவள் தலையை ஆட்டுவாள். பெரியவளின் கைகள் ஆறிவிட்டன, குளிர் நாளில் மட்டும் கொஞ்சம் வெடிக்கும். அந்த வாசனை மட்டும் அவளுக்கு இனி கிடையாது. பின்னறைக் கதவு திறந்து மூடும்போது ஓர் இழை வெளியே வரும். அவள் எழுந்து ஜன்னலோரம் போய்விடுவாள்.

போன் அவளிடம் வந்துவிட்டது. ஆரம்பத்தில் ‘ஹலோ’ என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குத் தவிப்பாள். பாக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நாளடைவில், பேசத் தெரியாதவர்களுக்குக் கேட்கத் தெரியும் என்பதை அவள் கண்டுகொண்டாள். கூப்பிடுகிறவர்கள் கொட்டித் தீர்க்கும் வரை பொறுத்திருப்பாள். என்ன பூ ஆகாது, எந்தச் சோப்பு, எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். விற்க வேண்டிய இடத்தில் “உங்களுக்கு இது வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டு வைப்பாள். முன்பானால் சின்னவள் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். இப்போது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, கடைவதைத் தொடர்கிறாள்.

போன வாரம் மதியம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. பெரியவள் சோற்றுக்கையை உதறிவிட்டு, இடது கையால் எடுத்தாள்.

“ஆமா, நீலக் கிரீம்தான். அழாதீங்கம்மா, முதல்ல பூசறதை நிறுத்துங்க. ம். இப்ப நிதானமா சொல்லுங்க, எந்த இடத்துல அரிக்குது?”